இருநூறு கிராம் கியர்

ஏலம் போடுகிறவள் ஏலம் கேட்கக் கூடாது. காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் நண்டு பிடித்துத் திரியும் பொடிசுகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. மீன் ஏலம் விடும் காசியம்மாவின் மகள் அமுதத்துக்குத் தெரியாமல் இருக்குமா? நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டாள். வாய் முந்திக்கொண்டால் மனுஷி என்னதான் செய்வாள்?

நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில். காரைக்காலில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த அமுதமும் அவள் கூட்டாளிகள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ரோபோ செய்தார்கள். ரோபோ என்றதும் கண்ணில் பல்பு எரியும் தகர மனிதனை நினைத்துக்கொள்ள வேண்டாம். காசியம்மா அப்படித்தான் நினைத்துக்கொண்டு பட்டறைக்குப் பார்க்க வந்தாள். மேஜைமேல் கிடந்த தகரப் பெட்டியையும் அதன் மூன்று சக்கரங்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மூஞ்சி எங்கடி?"

"மூஞ்சி கெடையாதும்மா."

"கையி?"

"அதுவும் கெடையாது."

"எந்திர மனுஷன்னு சொன்னியேடி! மூஞ்சியும் இல்லாம கையும் இல்லாம என்னடி மனுஷன்?" என்று கேட்டுவிட்டு, முறுக்குப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மனுஷன் இல்லைதான், வண்டிதான். போட்டிக்கு அதுதான் வேண்டியிருந்தது. நாகப்பட்டினம், கும்பகோணம், பாண்டிச்சேரி என்று வெளியூர்க் கல்லூரிகளெல்லாம் அந்த வருஷம் காரைக்காலுக்கு வந்து மோதுவதாக ஏற்பாடு. முதலில் கணுக்கால் புதையும் மணல். அதில் செங்கல் ஏற்றிய பலகையை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அடுத்து மரப்பலகைச் சரிவில் ஏற வேண்டும். உச்சியில் செங்கல் பலகையைக் கழற்றிவிட்டு மறுபக்கம் இறங்கினால் நீளமான சிமெண்டுத் தரை. அதன் கோடியில் ஒரு கம்பத்தில் மணி தொங்கும். எந்த வண்டி முதலில் முட்டி மணியை அடிக்கிறதோ அது ஜெயித்தது. ஓட்டுகிறவர் ஒயரில் கோத்த சுவிட்சுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வரலாம், வண்டியைத் தொடக் கூடாது. வண்டியின் எடை பத்துக் கிலோவைத் தாண்டக் கூடாது.

இதில்தான் சிக்கல். மணலில் மெதுவாக, பலமாகப் போக வேண்டும். சிமெண்டில் பறக்க வேண்டும். அப்படியென்றால் வழியில் கியர் மாற வேண்டும், அதுவும் கை படாமல்.

பூமிநாதன் திருநள்ளாற்றுப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். அவனுக்கு உலகத்தில் டிராக்டரை மிஞ்சிய பொருள் கிடையாது. "டிராக்டர்ல எப்படியோ அப்படியே செஞ்சிடலாங்க. பல்சக்கரத்தைத் தண்டுமேலயே நகர்த்தி அடுத்த சக்கரத்துல கோக்கணும். இரும்புன்னா இரும்பு. ரிவர்ஸும் தானா வரும்" என்றான்.

ஐரேன் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். வரும்போது ஒரு பந்தயச் சைக்கிளும் கூடவே வந்தது. அதில் கம்பியை இழுத்தால் சங்கிலி ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அந்த அமைப்புக்கு வீட்டில் 'தெராயேர்' என்று பெயர். ஐரேன் அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் கழுத்து ஓர் அங்குலம் உயரும்.

"தெராயேர் மணல்ல போனா சங்கிலி கழண்டு விழும்ங்க" என்பான் பூமிநாதன்.

"உங்க டிராக்டரு ரெண்டு கியருக்கும் நடுவுல போய் மாட்டிக்கிச்சுன்னா? யாரு எறங்கித் தள்ளுறது?" என்பாள் ஐரேன்.

இப்படியே இரண்டு வாரம் ஓடியது. அமுதத்துக்கு இதில் எந்தக் கட்சியும் இல்லை. மோட்டார், பாட்டரி, ஒயர், அப்புறம் வண்டியை ஓட்டுவது, இவைதான் அவள் பொறுப்பு. கடைசியில் பட்டறை ஆசிரியர் ஜெய்னுலாபுதீன் சாருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எதுன்னு முடிவு பண்ணுங்க. இல்லேன்னா அந்த மோட்டாரை ரெண்டாம் வருஷப் பசங்ககிட்ட குடுத்துடுவேன்" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அமுதம்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "எங்க ஊருல எல்லாத்தையும் முடிவு பண்றது ஏலம்தான். ஏலம் விடுறேன், ரெண்டு பேரும் கேளுங்க. காசுக்குப் பதிலா எடை. கியர் மாத்துற சமாச்சாரத்தை யாரு கம்மி எடையில செஞ்சு தருவீங்களோ, அவங்களுது." பல்சக்கரங்கள் எப்படியும் வேண்டும், அந்தக் கணக்கு தனி. அவற்றை மாற்றிப் பிடிக்கும் அமைப்புக்கு எத்தனை எடை என்பதுதான் வழக்கு.

சாருக்கும் இது பிடித்துப்போயிற்று. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பூமிநாதன் ஒன்றரைக் கிலோவில் ஆரம்பித்தான். ஐரேன் ஒன்றேகால் என்றாள். அமுதம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அம்மாவின் குரலில் பாட ஆரம்பித்தாள். "ஒன்னேகாலு ஒன்னேகாலு ஒன்னேகாலு, பொண்ணு கேட்டுருக்கு, டிராக்டர்காரரு வாயில கொழுக்கட்டையா, ஒன்னேகாலு..." பக்கத்து வகுப்பெல்லாம் சன்னலில் வந்து தொங்கியது. ஒரு கிலோ. முக்கால். எழுநூறு. பூமிநாதனுக்கு வியர்த்தது. ஐரேன் "அறுநூறு!" என்று மேஜையில் குத்தினாள். அறுநூறு கிராமில் சங்கிலியே வராது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் ஏலம் என்பது அப்படித்தான், காதில் ஏறிவிட்டால் கணக்கு இறங்கிவிடும். பூமிநாதன் ஐந்நூறு என்றான். ஐரேன் நானூற்றைம்பது. அவன் நானூறு. ஐரேன் கையை விரித்துவிட்டாள்.

"நானூறு ஒருதரம். நானூறு ரெண்டுதரம்..."

அந்த இடத்தில் அமுதத்துக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்கே இன்றுவரை புரியவில்லை. பிறந்ததிலிருந்து ஏலத்தைக் கேட்டு வளர்ந்தவள். ஒரு தடவைகூடத் தனக்காகக் கேட்டதில்லை. மூன்றாந்தரம் சொல்ல வாயைத் திறந்தவள், "இருநூறு!" என்று கத்திவிட்டாள்.

சன்னல் பக்கமிருந்து சிரிப்பு வெடித்தது.

"எது இருநூறு? உங்ககிட்டதான் ஒன்னுமே இல்லியேங்க!" என்றான் பூமிநாதன்.

"ஏலம் போடுறவளே கேட்டா எப்படிடி?" என்றாள் ஐரேன்.

ஜெய்னுலாபுதீன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "கேட்டாச்சு. மூணுதரம்" என்று அவரே முடித்துவைத்துவிட்டு, மோட்டாரை அமுதத்தின் பக்கம் தள்ளினார்.

கடற்கரை ஏலத்தில் கேட்ட வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது. கேட்டுவிட்டுப் பின்வாங்குகிறவளின் குரல் மறுநாள் யார் காதிலும் விழாது. மீன் பாட்டுக்கு அடுத்தவள் கூடைக்குப் போய்விடும். ஆகவே அமுதத்துக்கு இப்போது வேண்டியிருந்தது இருநூறு கிராமில் ஒரு கியர். அது கிடைக்காவிட்டால், தன் பேச்சுக்கு மதிப்பில்லாதவள் என்று ஆகிவிடுவாள். அதுவும் யாருடைய மகள்!

வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். காசியம்மா வலையில் சிக்கிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கேட்டுட்டேல்ல? எடுத்துட்டுப் போ" என்றாள். அவ்வளவுதான். ஒரு திட்டு திட்டியிருந்தால்கூட அமுதத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று நாள் பேயடித்தவள் மாதிரி திரிந்தாள். நாலாம் நாள் காலையில் கரைக்குப் போய், இழுத்துப் போட்டிருந்த கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்தாள். அலை பெரிதாக இருந்தது. சித்தப்பா கருப்பையனின் படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பேர் படகைத் தள்ள, கருப்பையன் மேலே நட்ட சவுக்குக் கட்டையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் லேசாகப் பிடித்துக்கொண்டு நின்றார். படகு மேலே ஏறினால் கயிறு தளரும், நழுவும், அவர் இழுத்துக்கொள்வார். அலை படகைப் பின்னுக்கு இழுத்தால் கயிறு கட்டையை நெரித்துக்கொண்டு நின்றுவிடும். அத்தனை பெரிய படகை இரண்டு விரலில் நிறுத்திவிட்டு மனிதர் பீடி வேறு குடித்துக்கொண்டிருந்தார்.

அமுதம் இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஒரு பக்கம் நழுவும், ஒரு பக்கம் பிடிக்கும். இரண்டே சுற்று. எடையே கிடையாது!

"சித்தப்பா!" என்று அவள் போட்ட கூச்சலில் கருப்பையன் கயிற்றை விட்டுவிட்டார். படகு விறுவிறுவென்று கடலுக்குத் திரும்பியது. தள்ளிக்கொண்டிருந்த பத்துப் பேரும் மணலில் குப்புற விழுந்தார்கள். அவர்கள் அமுதத்தைப் பார்த்துச் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவளோ சிரித்துக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

யோசனை இதுதான். கயிற்றுக்குப் பதிலாக ஸ்பிரிங். பின்சக்கரத் தண்டின்மேல் பெரிய பல்சக்கரம் ஒன்று, சின்னது ஒன்று. ஒவ்வொன்றையும் ஒரு சுருள் கம்பி தண்டோடு இணைக்கும். மோட்டார் வலமாகச் சுற்றினால் ஒரு சுருள் இறுகித் தண்டைப் பிடிக்கும், மற்றது நழுவும். வண்டி மெதுவாக, பலமாகப் போகும். இடமாகச் சுற்றினால் இரண்டாவது சுருள் பிடிக்கும், முதலாவது நழுவும். அந்த வழியில் ஒரு குட்டிச் சக்கரம் நடுவில் நின்று திசையைத் திருப்பிவிடுவதால் அப்போதும் வண்டி முன்னால்தான் போகும், ஆனால் வேகமாக. கியர் மாற்ற மோட்டாரைத் திருப்பிச் சுற்றவிட்டால் போதும். கையில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் முடிந்தது.

"கியர் மாத்துற சாமானே இல்லாத கியரா?" என்றான் பூமிநாதன். கேட்டவன் அவள் வரைந்து வைத்திருந்த பேப்பரை வாங்கி நாலு முறை பார்த்தான். தோற்றவன் முகமே அவனிடம் இல்லை. "எமகாதகிங்க நீங்க" என்றான்.

ஆனால் கம்பி? சாதாரணக் கம்பி சுருண்டால் சுருண்டபடியே கிடக்கும். ஐரேன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் இருந்த கம்பி நாகப்பாம்பு மாதிரி துள்ளியது.

"எங்கேர்ந்துடி?"

"எங்க மத்லேன் அத்தையோட பியானோலேர்ந்து. தடிச்ச சத்தம் வர்ற பக்கம். அவங்க அந்தப் பக்கம் கையே வெக்கிறதில்ல." தெராயேர் தோற்ற வருத்தத்தை ஐரேன் இப்படித்தான் தீர்த்துக்கொண்டாள்.

முதல் சுருளை அமுதம் வலமாகச் சுற்றினாள். அழகாக இருக்கட்டும் என்று இரண்டாவதை இடமாகச் சுற்றினாள். மாட்டி சுவிட்சைத் தட்டியதும் இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு வண்டி முறுக்கிக்கொண்டு நின்றது, மோட்டாரில் புகை வந்தது. மறுபக்கம் தட்டினாள். இரண்டும் நழுவ, மோட்டார் மட்டும் சும்மா சுற்றியது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பூமிநாதன் சிரிக்க ஆரம்பித்தான், அது மற்ற இருவருக்கும் தொற்றிக்கொண்டது. வண்டி எப்போதும் முன்னால்தான் போக வேண்டுமென்றால் இரண்டு சுருளையும் ஒரே பக்கமாகத்தானே சுற்ற வேண்டும்! மறுநாள் பியானோவில் இன்னொரு கம்பி குறைந்தது. இந்தத் தடவை தட்டினால் மெதுவாகப் போயிற்று, திருப்பித் தட்டினால் பட்டறைக் கதவைத் தாண்டிப் போயிற்று. இரண்டு சுருளையும் குட்டிச் சக்கரத்தையும் தராசில் வைத்தார்கள். இருநூறுக்கு உள்ளேதான் நின்றது முள். அமுதம் தராசுக்கு முத்தம் கொடுத்தாள்.

சார் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாம் சரிம்மா. ரிவர்ஸ் எங்க?"

மோட்டாரை எந்தப் பக்கம் சுற்றினாலும் வண்டி முன்னால்தான் போகும். பின்னால் போக அந்த வண்டிக்கு வழியே கிடையாது.

போட்டியன்று கல்லூரி மைதானம் தேர்த்திருவிழா மாதிரி நிறைந்திருந்தது. எடை போடும் இடத்தில் பாதிப் பேருடைய வண்டிகள் பத்துக் கிலோவைத் தாண்டி நின்றன. ஒரே சச்சரவு. கடைசியில் நடுவர்கள் கூடிப் பேசி, எல்லோருக்கும் அரைக்கிலோ சலுகை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

பூமிநாதன் அமுதத்தைத் தனியாகக் கூப்பிட்டான். தோள்பையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தான். அவனுடைய டிராக்டர் கியர். சொன்னபடி நானூறு கிராமில் செய்தே முடித்திருந்தான். "வீம்புக்கு இல்லீங்க. அரைக்கிலோ சலுகை கெடைச்சிருக்கு, ஒரு மணி நேரமும் இருக்கு, மாட்டிடலாம். ரிவர்ஸும் கெடைச்சிடும். நேத்து மணல்ல ஓட்டிப் பாத்தப்ப உங்க ஸ்பிரிங்கு வழுக்குச்சே, அதான். நீங்க கேட்ட இருநூறைப் பத்தி இனிமே யாரும் கேக்கப்போறதில்ல."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதனால்தான் அமுதத்தால் சட்டென்று மறுக்க முடியவில்லை. சரி என்று சொல்லிவிட்டால் எவ்வளவு நிம்மதி! மணி தவறினால் பின்னால் வந்து மறுபடி முட்டலாம். யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அவளே சொல்வாளே.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் மணலின் ஓரத்தில் ஓட்டிப் பார்த்தாள். செங்கலைக் கட்டியதும் வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது. குனிந்து காதை வைத்துக் கேட்டாள். தண்டு சுற்றுகிறது. சக்கரமும் சுற்றுகிறது. மணலைத்தான் பறிக்கிறது.

"பூமிநாதன்! வழுக்குறது ஸ்பிரிங்கு இல்ல, சக்கரம்! பின்னால கனம் பத்தல. அந்த அரைக்கிலோவைக் கியர்ல போடக் கூடாது, சக்கரத்து மேல போடணும்!"

பூமிநாதனும் மண்டியிட்டுப் பார்த்தான். எழுந்து, தன் கியரை மறுபடி துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டான். "அரைக்கிலோவுக்கு என்னத்த வெக்கிறது?" என்றான்.

அப்போதுதான் காசியம்மா வந்தாள். வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கூடையும் தராசுமாக, கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு.

"அம்மா, அரைக்கிலோ கல்லைக் குடு!"

"யாவாரத்துக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்று கேட்டுக்கொண்டே எடைக்கல்லை எடுத்து நீட்டினாள். பின்சக்கரத்தின்மேல் அதை வைத்து ஐரேன் தன் தலை ரிப்பனால் கட்டினாள். கல்லில் ஒட்டியிருந்த மீன் செதிலைத் துடைக்கக்கூட நேரமில்லை.

கடைசிச் சுற்றில் அவர்களும் நாகப்பட்டினத்தாரும்தான் மிஞ்சினார்கள். விசில் ஊதியதும் அமுதம் சுவிட்சைத் தட்டினாள். வண்டி மணலில் அழுந்தி, கொஞ்சம் யோசித்து, அப்புறம் உழவு மாடு மாதிரி நகர ஆரம்பித்தது. நாகப்பட்டினம் முன்னால் போயிற்று. அமுதம் வண்டியை விரட்டவில்லை. சரிவு வந்தது. நாகப்பட்டினத்து வண்டி உச்சியில் கியர் மாற்றப் போய், பழைய கியரும் இல்லாமல் புதியதும் கிடைக்காமல் அப்படியே பின்னால் உருண்டது. ஐரேன் பூமிநாதனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அமுதத்தின் வண்டி உச்சியில் ஏறிப் பலகையைக் கழற்றிவிட்டது. சுவிட்சை மறுபக்கம் தட்டினாள். ஒரு 'க்ளிக்', அவ்வளவுதான். வண்டி சிமெண்டுத் தரையில் துள்ளிக்கொண்டு பறந்தது. மைதானமே எழுந்து நின்று கத்தியது. அவள் கால் தரையில் படவில்லை. சந்தோஷத்தில் கண்ணே தெரியவில்லை. கண் தெரியாததால் மணிக் கம்பத்தை ஒரு சாண் தள்ளித் தவறவிட்டுவிட்டாள்.

"ரிவர்ஸ்! ரிவர்ஸ்!" என்று கூட்டம் கத்தியது. எந்த ரிவர்ஸ்? பின்னால் நாகப்பட்டினம் மறுபடி சரிவேறி இறங்கிக்கொண்டிருந்தது. அமுதம் இன்னொரு சுவிட்சைத் தட்டி முன்சக்கரத்தை ஒரு பக்கமாக ஒடித்துத் திருப்பினாள். வண்டி பெரிய வட்டமடித்தது. நடுவர் மேஜையைச் சுற்றியது. நடுவரையும் சுற்றியது. "சார், காலைத் தூக்குங்க!" என்று ஐரேன் ஒயரைப் பிடித்துக்கொண்டு ஓட, பெரிய மனிதர்கள் மூன்று பேர் கயிறு தாண்டும் பிள்ளைகள்போல் வரிசையாகக் குதித்தார்கள். ஜெய்னுலாபுதீன் சார் யாரும் கேட்காமலே குதித்தார். வட்டம் முடிந்து கம்பம் நேர் எதிரே வந்தது. நாகப்பட்டினம் நாலடி தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அமுதம் சுவிட்சை விடாமல் அழுத்தினாள்.

மணி அடித்தது.

பிறகு நடந்தது எதுவும் அமுதத்துக்கு வரிசையாக ஞாபகமில்லை. யாரோ தூக்கினார்கள், யாரோ தண்ணீரைத் தலையில் கொட்டினார்கள். பூமிநாதன் நாகப்பட்டினத்துப் பையன்களுக்குச் சுருளைக் காட்டி, தானே கண்டுபிடித்தவன் மாதிரி விளக்கிக்கொண்டிருந்தான். கோப்பை கைக்கு வந்தபோது அவள் கண்கள் அம்மாவைத் தேடின.

காசியம்மா மேடைப் பக்கமே வரவில்லை. வண்டியின் அருகே குந்தி, ரிப்பனை அவிழ்த்துத் தன் எடைக்கல்லை எடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் புடவைத் தலைப்பில் துடைத்துக் கூடையில் போட்டாள். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாள், "இது யாரு பொண்ணு செஞ்சது?" என்று கேட்டாள்.

"எம்பொண்ணு" என்றாள் காசியம்மா. ஏலம் விடுகிற குரல் அது, மேடைவரைக்கும் கேட்டது. "சொன்ன எடைக்குச் செஞ்சிருக்கா."

அமுதத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கோப்பையை ஐரேன் கையில் திணித்துவிட்டு, கூடையைத் தூக்கிவிட அம்மாவிடம் ஓடினாள்.